வீவக வீட்டில் வில் செய்யப் போகிறவர்களுக்கு

மரமும் ஃபைபர்கிளாஸும் அடுக்கி ஒட்டிய நீள வில் ஒன்றை சிங்கப்பூரில் என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நாலறை வீட்டுக்குள் செய்து முடிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஏறக்குறைய 1,400 சிங்கப்பூர் வெள்ளி செலவு. அதில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது. வில் செய்வது பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள், படம் போட்டும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதையெல்லாம் எழுதியவர்களுக்கு வீட்டுக்குப் பின்னால் பட்டறை இருக்கிறது. குளிர்காலத்தில் கணப்பு போட்ட அறையில் மரம் தானாகக் காய்ந்து கிடக்கிறது. நம் ஊர்க் காற்றில் அந்தக் குறிப்புகளை வரி தவறாமல் பின்பற்றினாலும் வில் பிரிந்துபோகும். எனக்குப் பிரிந்தது. ஏன் பிரிந்தது என்று கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆனது. கேட்க ஆள் இல்லை. வேறு யாரும் அப்படித் தனியாக அல்லாட வேண்டாம் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

வில்லின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் இரண்டு மூன்று மெல்லிய மரத் தகடுகள், பெரும்பாலும் மேப்பிள் அல்லது மூங்கில். எய்பவரைப் பார்த்திருக்கும் முகத்தை வில்லின் வயிறு என்றும், மறுபக்கத்தை முதுகு என்றும் சொல்வார்கள். இரண்டிலும் சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனில் ஃபைபர்கிளாஸ் பட்டை இருக்கும். கைப்பிடி வரும் இடத்தில் தகடுகளுக்கு இடையே கனமான ஒரு கட்டை. அதன் இரு முனைகளும் சரிந்து சரிந்து, காகிதத் தடிமனுக்கு மெலிந்து, தகடுகளுக்குள் கரைந்துவிட வேண்டும். எல்லாவற்றிலும் எபாக்ஸி தடவி, வளைவாக வெட்டிய பிளைவுட் அச்சின் மேல் இறுக்கிக் கட்டி, சூட்டுப் பெட்டிக்குள் சில மணி நேரம் வைத்தால் பசை இறுகி ஒரே துண்டாக வெளியே வரும். வில்லை இழுக்கும்போது முதுகுப்பக்க ஃபைபர்கிளாஸ் இழுபடுகிறது, வயிற்றுப்பக்கம் நசுங்குகிறது, நடுவிலுள்ள அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கப் பார்க்கின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்துவது பசை மட்டும்தான். மரம் அழகாக இருக்கிறதா, பிடி கைக்கு அடங்குகிறதா என்பதெல்லாம் அப்புறம்.

பணத்தை எடுப்பதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. வில்லை இறக்குமதி செய்வது, செய்வது, வீட்டில் வைத்திருப்பது இவற்றுக்கெல்லாம் இப்போது என்ன விதி என்று சிங்கப்பூர்க் காவல்துறையின் உரிமப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் கைக்கு வந்த பிறகு பொருள் வாங்குங்கள். நண்பர் சொன்னார், எங்கேயோ படித்தேன் என்பதெல்லாம் இதில் உதவாது. துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதங்கள் பற்றிய புதிய சட்டம் 2021இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்கு முன்னால் யாரோ எழுதிவைத்த பதிலை நம்பிப் போகக்கூடாது. தக்க காரணமில்லாமல் ஆயுதத்தைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதும் இங்கே குற்றம்தான். நான் வில்லின் நாணைக் கழற்றி, மூடிய பையில் போட்டு, பயிற்சித் திடலுக்குப் போகவர மட்டுமே வெளியே எடுக்கிறேன்.

பொருள் வாங்குவதில் வீணாகும் காசு பற்றியும் சொல்ல வேண்டும். வில்லுக்கான ஃபைபர்கிளாஸில் எல்லா இழைகளும் நீளவாக்கில் மட்டுமே ஓடும். படகுக்குப் பூசுகிற நெய்த துணி வகை இதற்கு ஆகாது. இங்கே நான் கேட்ட கடைகளில் கிடைக்காததால் அமெரிக்காவிலிருந்து வரவழைத்தேன். பட்டையும் தகடுகளும் 260 வெள்ளி. பொட்டலம் 1.8 மீட்டருக்கு மேல் நீளம் என்பதால் அனுப்பும் கூலி அதைவிட அதிகம். பொருள், கூலி, காப்புறுதி எல்லாம் சேர்த்து 400 வெள்ளியைத் தாண்டினால் மொத்தத்துக்கும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்டவேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். இரண்டாம் முறை வாங்கும்போதுதான் வழி தெரிந்தது. அந்தத் தடிமனுள்ள ஃபைபர்கிளாஸ் பட்டையைச் சுருட்டி அனுப்பலாம். மரத் தகடுகளை முழு நீளத்தில் வாங்காமல், கைப்பிடிக் கட்டையின் மேல் வந்து சந்திக்கிற இரண்டு பாதிகளாக வாங்கலாம். பொட்டலம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும், கூலியும் பாதியாகக் குறையும். விற்பவர் தானாக இதைச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

தகடுகளின் தடிமனை நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். வில்லின் விறைப்பு தடிமனின் முப்படிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப மாறும். அடுக்கு மொத்தம் 10 மில்லிமீட்டர் இருக்கும் இடத்தில் 0.1 மில்லிமீட்டர் கூடினால் இழுவிசை ஏறக்குறைய 3 விழுக்காடு கூடிவிடும். அகலத்தைக் கூட்டிக் குறைப்பதால் வரும் மாற்றம் அவ்வளவு பெரிதாக இருக்காது. 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ இழுவிசை உள்ள வில் முதல் முயற்சிக்குப் போதும். எபாக்ஸியை இறுகவைக்க அதில் கலக்கும் ஹார்டனரை அபாயகரமான பொருள் என்று சொல்லி விமானத்தில் அனுப்ப மறுத்துவிட்டார்கள். படகுச் சாமான் விற்கும் கடையில் மெதுவாக இறுகும் வகையாகப் பார்த்து வாங்கினேன். ஐந்து நிமிடத்தில் இறுகும் சின்ன டியூப் எபாக்ஸியை வாங்கிவிடாதீர்கள். தடவி முடிப்பதற்குள் கல்லாகிவிடும், சூட்டையும் தாங்காது.

முதல் வில்லை ஒட்டியது வேலைவிட்டு வந்த ஒரு மாலை நேரம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சன்னல்களைத் திறந்துவைத்து, குறிப்பில் சொன்னபடி எல்லாவற்றையும் துடைத்து, பசை தடவி, அச்சில் வைத்து, சைக்கிள் டியூபை வாராக வெட்டிச் சுற்றி இறுக்கி, சூட்டுப் பெட்டியில் 70 டிகிரியில் வைத்தேன். மறுநாள் பிரித்து எடுத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒளி ஊடுருவும் ஃபைபர்கிளாஸுக்கு அடியில் மேப்பிளின் ரேகைகள் அப்படியே தெரிந்தன. கைப்பிடிக்குச் சற்று மேலே ஓரிடத்தில் மட்டும் விரல்நகம் அளவுக்கு வெள்ளையாக மங்கியிருந்தது. பசை கொஞ்சம் கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஓரங்களை அராவி, நுனியில் நாண் உட்காரும் பள்ளம் வெட்டி, பல வாரம் உழைத்த பிறகு கயிறு போட்டு மெல்ல இழுத்துப் பார்த்தேன். பாதி தூரம் வந்ததும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அடுத்த இழுப்பில் இன்னொன்று. அந்த வெள்ளைப் புள்ளி உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்தது. ஃபைபர்கிளாஸ் பட்டை மரத்தை விட்டு எழும்பத் தொடங்கிவிட்டது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பல வாரம் அதைத் தொடவே மனமில்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். அப்புறம் ஒருநாள் உளியை விட்டு நெம்பி முழுவதையும் பிரித்துப் பார்த்தேன். பிரித்த முகத்தைப் பார்த்தவுடன் விஷயம் புரிந்தது. பசை சரியாகப் பிடித்திருந்தால் பிரியும்போது மரம் கிழியும். ஃபைபர்கிளாஸ் பக்கம் மர நார் ஒட்டிக்கொண்டு வரும். நுனிப்பக்கம் அப்படித்தான் இருந்தது. கைப்பிடிக்கு அருகில் ஒரு நார்கூட இல்லை. இறுகிய பசை வழவழவென்று மின்னியது. அதற்குள் ஊசிமுனை அளவில் நூற்றுக்கணக்கான குமிழிகள். வெளியிலிருந்து வெள்ளையாகத் தெரிந்தது அந்தக் குமிழிகள்தான். மரத்துக்குள் இருந்த ஈரம் சூட்டில் ஆவியாகி, இறுகாத பசைக்குள் புகுந்து சிக்கிக்கொண்டிருக்கிறது. முன்னும் பின்னும் ஃபைபர்கிளாஸ் மூடியிருக்க, ஆவி வெளியேற ஓரங்களைத் தவிர வழியே இல்லை.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இந்த ஊரில் வில் செய்வதன் முழுச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடிவதற்கு முன் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். 80 விழுக்காட்டுக் காற்றில் கிடக்கும் மரம் தன் எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒட்டும் நேரத்தில் அது 7 முதல் 9 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. அமெரிக்காவிலிருந்து காய்ந்து வந்த தகடுதானே என்று அலமாரியில் போட்டு வைத்தால், மூன்று மில்லிமீட்டர் தகடு சில நாள்களிலேயே நம் ஊர் ஈரத்துக்கு வந்துவிடும். அதனால் நான் இப்போது செய்வது இதுதான். சூட்டுப் பெட்டியை 40 டிகிரியில் வைத்து, காற்று போய்வரச் சிறு துளை விட்டு, தகடுகளுக்கு இடையே குச்சி வைத்து அடுக்கிக் காயவிடுகிறேன். சமையலறைத் தராசில் காலையும் மாலையும் எடை பார்க்கிறேன். எடை இறங்கி இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அப்போது ஈரமானியால் குத்திப் பார்த்தால் 7, 8 காட்டும். எடுத்ததும் சிலிகா ஜெல்லோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடிவிடுகிறேன். ஒட்டும் வேலையை மழையில்லாத நாளாகப் பார்த்து, பிற்பகல் இரண்டு மணிவாக்கில், குளிர்சாதனம் ஓடும் அறையில் வைத்துக்கொள்கிறேன். குளிர்சாதனம் காற்றின் ஈரத்தையும் இழுக்கிறது, பசை சீக்கிரம் இறுகுவதையும் தள்ளிப்போடுகிறது. ஈரக்காற்றில் பசையைத் தடவித் திறந்து வைத்திருந்தால் ஹார்டனர் காற்றோடு வினைபுரிந்து மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், அதன் மேல் எதுவும் ஒட்டாது.

கைப்பிடிக் கட்டைதான் எல்லாரையும் ஏமாற்றும். என் முதல் வில் பிரிந்ததும் அங்கேதான். சுங்கை காடுட் மரக்கடை ஒன்றில் அழகான தேக்குத் துண்டு வாங்கியிருந்தேன், ஐந்து சென்டிமீட்டர் கனம். ஈரமானி அதன் மேல்புறத்தை மட்டும்தான் அளக்கும். மேலே 9 காட்டும் கட்டைக்குள்ளே 15 இருக்கலாம், அது வெளியே வர மாதங்கள் ஆகும். கனமான ஒரே கட்டைக்குப் பதிலாக, ஒரு சென்டிமீட்டர் பலகைகளைத் தனித்தனியாகக் காயவைத்து ஒட்டிக் கட்டையாக்கினால் இந்தத் தொல்லை இல்லை, பார்க்கவும் வரிவரியாக நன்றாக இருக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை வேறு உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் புதிதாகத் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்ததும் பசை தடவிவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் எண்ணெய் திரும்ப மேலே வந்துவிடும். இதற்கெல்லாம் மேலாக, முழு வில்லை ஒட்டுவதற்கு முன் அதே மரம், அதே ஃபைபர்கிளாஸ், அதே பசையில் விரல் நீளத் துண்டு ஒன்று ஒட்டி, இறுகியதும் உளியால் பிரித்துப் பாருங்கள். மரம் கிழிந்தால் தொடருங்கள். வழவழவென்று பிரிந்தால் நிறுத்துங்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து வெள்ளிப் பொருள்கூடச் செலவாகாது. அது தெரியாமல் எனக்கு 600 வெள்ளிக்கு மேல் போனது.

சூட்டுப் பெட்டி பற்றியும் பழைய குறிப்புகளை அப்படியே எடுக்க முடியாது. குண்டு பல்பு மாட்டு என்பார்கள். இப்போது கடையில் கிடைப்பது எல்இடி, அதில் பெட்டியைச் சூடேற்ற முடியாது. பீங்கான் வெப்ப பல்புகளை இணையத்தில் வாங்கினேன். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் சின்னக் கணினி விசிறியும் சிம் லிம் டவரில் வாங்கினேன். விசிறி இல்லாதபோது பெட்டியின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 15 டிகிரி வித்தியாசம் இருந்தது. பாதி வில் இறுகி, பாதி அரைகுறையாக நிற்கும். இரு முனைகளிலும் வெப்பமானி வையுங்கள், கட்டுப்பாட்டுக் கருவி பழுதானால் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு வெப்ப ஃபியூஸ் போடுங்கள், பெட்டி ஓடும்போது வீட்டைவிட்டு வெளியே போகாதீர்கள். பெட்டியையும் அச்சையும் பொது நடைபாதையில் வைக்கலாம் என்று நினைக்கவேண்டாம், அங்கே 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும்.

இனி தூசு. எனக்கு இன்றும் மனம் கனப்பது இதில்தான். ஃபைபர்கிளாஸ் ஓரத்தை மின்கருவியால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் எழும்பி வீடெல்லாம் இறங்கும். முகமூடி போட்டு, அடுப்படிக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் உட்கார்ந்துதான் தேய்த்தேன். என் மூச்சுக்குப் பாதுகாப்பு இருந்தது. ஆனால் சன்னலுக்கு வெளியே கம்பில் அம்மா காயப்போட்டிருந்த துணிகளில் போய் அது உட்கார்ந்தது. “கையெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்குடா, என்னன்னு பாரு” என்று அம்மா முழங்கையைச் சொறிந்துகொண்டே வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன், நல்லவேளை ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. படுக்கை விரிப்பு, துண்டு, என் சட்டைகள் என்று நிறையத் தூக்கிப் போட்டோம்.

அதனால் ஃபைபர்கிளாஸை மின்கருவியால் தேய்க்கும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். தூசு உறிஞ்சும் வசதியுள்ள பட்டறையில் மணிக்கணக்கில் வாடகைக்கு இடம் எடுங்கள். எனக்கு அப்படிச் செலவானது 120 வெள்ளி, அது நான் செலவழித்ததிலேயே உருப்படியான பணம். வீட்டில் செய்தே ஆகவேண்டிய சின்ன வேலைக்குக் கை அரத்தைப் பயன்படுத்துங்கள். அதிலிருந்து வருவது கனமான பொடி, பறக்காமல் கீழே விழும். கடைசி மெருகுக்கு நீரில் தேய்க்கும் உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள், பொடி தண்ணீரோடு சேர்ந்துவிடும், உடனே துடைத்துவிடலாம். சத்தமும் இருக்காது. இரவு ஒன்பதுக்கு மேல் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டும் நிலையும் வராது. நுண்தூசைத் தடுக்கும் பி100 வடிகட்டி உள்ள அரைமுக முகமூடி, முழுக்கைச் சட்டை, கண்ணாடி எல்லாம் அப்போதும் வேண்டும். தோலில் பட்டால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள், குத்திய இழையை ஒட்டும் டேப்பால் எடுங்கள். அந்த உடைகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

எபாக்ஸியும் தோலுக்கு ஆகாதது. முதலில் ஒன்றும் தெரியாது. திரும்பத் திரும்பப் பட்டால் உடம்பு ஒவ்வாமை கொண்டுவிடும், அப்புறம் வாழ்நாள் முழுக்கத் துளி பட்டாலும் தடிக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள். இங்கே கை வேர்த்து வழியும், அதனால் அடிக்கடி மாற்றுங்கள். கையில் ஒட்டிய பசையை அசிட்டோனால் துடைக்கக்கூடாது, சோப்பும் தண்ணீரும்தான். கலந்த பசையைக் குறுகிய கோப்பையில் விட்டுவைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். அகலமான தட்டில் ஊற்றிவைத்து வேலை செய்யுங்கள்.

இரண்டாவது வில் பிரியவில்லை. வளைவைச் சமன் செய்யும் வேலை அதில் எளிதாகவே இருந்தது. சுவரில் பொருத்திய கட்டையில் வில்லை மாட்டி, கப்பி வழியாகக் கயிற்றை விட்டு, நடுவில் பயணப்பெட்டி எடைபார்க்கும் தராசைக் கோத்து, ஓரமாக நின்று இழுத்தேன். நேரெதிரே நிற்காதீர்கள், வில் உடைந்தால் துண்டு பறக்கும். வில்லின் ஒரு கை, அதாவது கைப்பிடிக்கு மேலோ கீழோ வளைகிற பாதி, விறைப்பாக இருந்தால் அதன் ஓரங்களைச் சமமாக அராவுங்கள். கை முறுக்கிக்கொண்டு நாண் ஒரு பக்கம் ஒதுங்கினால், நாண் சாய்கிற பக்கத்து ஓரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அராவுங்கள். முதுகையும் வயிற்றையும் தொடவே கூடாது, அங்கே தேய்த்தால் இழை அறுபடும். நுனியில் வலுவூட்டல் போடாவிட்டால் டாக்ரான் நாண்தான் கட்டவேண்டும். அது சற்று நெகிழ்ந்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும்.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலோ பூங்காவிலோ எய்து பார்க்கும் எண்ணமே வேண்டாம். வில்வித்தைக் கிளப் ஒன்றில் சேருங்கள், வீட்டில் செய்த வில்லை அனுமதிப்பார்களா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். நான் முதலில் கேட்ட இடத்தில் மறுத்துவிட்டார்கள். அடுத்த இடத்தில் பயிற்றுநர் வில்லைக் கையில் வாங்கி, கைப்பிடிக்கு மேலும் கீழும் நகத்தால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒட்டாத இடம் இருந்தால் ஓசை மட்டமாகக் கேட்கும். பிறகு அவரே பல தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னை எய்யவிட்டார். நானும் இப்போது ஒவ்வொரு முறை நாண் ஏற்றுவதற்கு முன் அப்படித் தட்டிப் பார்க்கிறேன். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடுவதில்லை. வெயிலில் நிறுத்திய காரில் வில்லை விட்டுவைப்பதில்லை, உள்ளே 60 டிகிரிக்கு மேல் போனால் பசை இளகத் தொடங்கும். வீட்டில் நாண் கழற்றி, படுக்கை அறையில் இரண்டு ஆணிகளின் மேல் படுக்கைவாட்டில் வைத்திருக்கிறேன். வெட்டுப்பட்டுத் திறந்திருந்த மர ஓரங்கள் எல்லாவற்றுக்கும் பாலியுரித்தேன் பூச்சு மூன்று நான்கு தடவை கொடுத்திருக்கிறேன். இந்த ஊர் ஈரம் உள்ளே புக வழி அந்த ஓரங்கள் மட்டும்தான்.